ஏழாம் துளைக்கு அறுபத்தொரு மூட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நண்பனின் மாமாவுக்கு நடந்தது, யாரோ சொல்லிக் கேட்டது என்கிற ரகம் இல்லை. எனக்கே நடந்தது. நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்வேன், ஏனென்றால் அன்றைக்கு நேரம் குறிப்பதுதான் என் வேலை. அந்த நோட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி பொய். எந்த வரி என்பது போகப் போகத் தெரியும்.

இன்னொன்று. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஆரம்பித்தது மாலை நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு. டீ குடிக்கிற நேரம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்சரிவு. பதினான்கு மீட்டர் உயரம். அதன் அடிவாரத்துக்கும் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் நடுவில் ஆறு மீட்டர் இடம், அதில் ஒரு துணி உலர்த்தும் கொடி. நான் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். சரிவுகள் எப்படி விழும், எப்படித் தடுப்பது என்று ஒரு பாடம் உண்டு. அதில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். பாடம் பொறுமை இழந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

முதலில் அப்பாவின் அறைக்கதவு சிக்கியது. அப்பா அதை இழைத்துச் சரி செய்தார். அடுத்த வாரம் மறுபடி சிக்கியது. மறுபடி இழைத்தார். நான்காவது முறை இழைப்புளியை எடுத்தபோது அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“இப்படியே செதுக்குங்க. அடுத்த மாசம் அது ஜன்னல் ஆயிடும்.”

பிறகு பின்சுவரில் விரிசல். பிறகு சரிவின் உச்சியில், பிறை வடிவத்தில், கால் நுழைகிற அகலத்தில் ஒரு வெடிப்பு. மேலே இருந்த மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வருகிற மாமன்மார்கள் போல நின்றன. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வாசல் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டார்கள். பெருமழைக்கு முன்னால் சரிவை நிலைப்படுத்தினால் இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். பெருமழைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். பின்னாடி என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா.

“அப்ப கண்ணாடி பார்த்து ஓட்டினீங்க. இங்க கண்ணாடி எங்க இருக்கு?” என்றாள் அம்மா.

கண்ணாடியும் வந்தது. மண் விஷயத்தில் கெட்டிக்காரர் என்று கல்லூரியில் சொல்லக் கேட்டு நான் பிடித்து வந்த பொறியாளர் ஒருவர், எங்களுக்கு ‘மேடம்’, விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி ஒவ்வொன்றிலும் தேதி எழுதினார். சில்லு உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். மொத்தம் ஏழு சில்லு. முதல் வாரத்திலேயே இரண்டு போயிற்று.

“விழறதுக்குக் காரணம் மண் இல்ல. தண்ணி. முதல்ல தண்ணியை வெளிய எடுக்கணும். அப்புறம் மலையைத் தைக்கணும்” என்றார் மேடம்.

தையல் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மேடம் விளக்கினார். உச்சி வெடிப்பைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சரிவுக்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்களைச் செருகினால் உள்ளே தேங்கிய நீர் வடியும். பிறகு பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, சுற்றிலும் சிமெண்டுப் பாலை இறக்க வேண்டும். அப்படிப் பன்னிரண்டு துளை. நழுவுகிற மண்ணை, நழுவாத பாறையோடு சேர்த்துத் தைத்த மாதிரி.

“ஓரம் பிரியாம கெட்டித் தையலா போடுங்க” என்றாள் அம்மா.

குழாய்கள் இறங்கின. மற்றதெல்லாம் சொட்டுச் சொட்டாக வடிய, மூன்றாம் குழாய் மட்டும் திறந்துவிட்ட பைப் மாதிரி ஊற்றியது. இரவும் பகலும். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அம்மா அதில் கை நனைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

“என்னடா, வெதுவெதுன்னு இருக்கு?”

மண்ணுக்குள் சூடு இருக்கும் என்று நான் பாடம் எடுத்தேன். கோட்டை விட்ட பாடம்தான். அம்மா அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

துளை போட வந்தவருக்கு அப்பா வைத்த பெயர் ‘பல் டாக்டர்’. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே குடைவார், நடுநடுவே நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பார், எதுவும் சொல்ல மாட்டார். அவரோடு இரண்டு ஆட்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் கம்பியில் தட்டித்தான் பேச்சு. ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ஓட்டு.

“மூணு தட்டினா?” என்று கேட்டேன்.

“மூணு நமக்கு வேணாம் தம்பி. அது சுரங்க வேலைக்காரங்களோடது. சும்மா விளையாட்டுக்குத் தட்டற பழக்கம் வேணாம், சொல்லிட்டேன்” என்றார் பல் டாக்டர்.

ஆறு துளை முடிந்தது. ஒவ்வொன்றும் நான்கு மூட்டை சிமெண்டு குடித்தது. கணக்குப் போட்டதும் நான்குதான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா புதுக்கதவு வாங்கலாமா என்றுகூடப் பேச ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை. ஏழாம் துளை.

மாலை 3.25. ஒன்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டரில் துளைக்கம்பி திடீரென்று முன்னால் பாய்ந்தது. எதிர்ப்பே இல்லை. பல் டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“வெத்திடம்” என்றார்.

துளையிலிருந்து திரும்பி வந்த தண்ணீரில் ஏதோ கறுப்பாக மிதந்தது. ரப்பர் செருப்பின் வார். அதை விரலால் தூக்கிப் பார்த்தார். கூடவே ஒரு வாடை வந்தது. மண்ணெண்ணெய் வாடை. வியர்வை வாடை. அவர் வாரைத் தூர எறிந்துவிட்டு, “ஏதாவது பழைய குப்பைக்குழியா இருக்கும்” என்றார். எறிந்த கையை வேட்டியில் மூன்று முறை துடைத்தார்.

மேடம் வேறொரு சரிவில் இருந்தார். போனில் சொன்னேன்.

“கம்பியை இறக்கிடு. ஆனா ஊத்தறதுக்கு முன்னாடி எல்லா மெஷினையும் நிறுத்திட்டு, கம்பியில காது வெச்சு அஞ்சு நிமிஷம் கேளு. தண்ணி ஓடற சத்தம், கல்லு விழற சத்தம், எது கேட்டாலும் ஊத்தக் கூடாது. கேமரா வெச்சுப் பார்க்கணும். அதுக்கு மூணு நாள் ஆகும்.”

மூன்று நாள். மழை ஒரு வாரம் முந்திவிட்டது, ஞாயிற்றுக்கிழமையே வருகிறது என்று காலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இன்னும் ஆறு துளை பாக்கி. மூன்று நாள் நின்றால் வீடு இல்லை. கணக்கு அவ்வளவு எளிது. எனக்கே புரிந்தது.

4.05. கம்பி இறங்கி முடிந்தது. ஜெனரேட்டர் நின்றது. பல் டாக்டரும் ஆட்களும் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனார்கள். அப்பா தூக்கத்தில். அம்மா துணி கொடுக்கப் போயிருந்தாள்.

நான் மட்டும். கம்பியில் காதை வைத்தேன். குளிர்ந்த இரும்பு.

ஒரு நிமிஷம். ஒன்றுமில்லை.

இரண்டு. மூன்று. ஒன்றுமில்லை.

4.10.

டொக்… டொக்… டொக்.

காதை எடுத்துவிட்டேன். தெருமுனையைப் பார்த்தேன். பல் டாக்டர் கையில் டீ கிளாஸ். ஆட்கள் இருவரும் அவர் பக்கத்தில். சரிவில் யாரும் இல்லை. கொடியில் அப்பாவின் சட்டை மட்டும் அசைந்தது.

இப்போது நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம். பக்கத்து அறைக்காரன் சுவரில் எத்தனை தட்டுகிறானோ அத்தனை திருப்பித் தட்ட வேண்டும். தட்டாதவன் மறுநாள் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். நான்கு வருஷப் பழக்கம். கை தானாகவே போயிற்று. ஸ்பேனரை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

மறுபடி காதை வைத்தேன்.

சத்தம் இல்லை. ஆனால் அது முன்னால் இருந்த மாதிரி வெறும் அமைதி இல்லை. எப்படிச் சொல்வது… ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்த ஒருவர் உட்கார்ந்தால் துணி உரசுமே. அப்படி ஒன்று. பிறகு அமைதி.

இரும்பு சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது சத்தம் வரும். பாடத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

4.16. மேடம் அழைத்தார்.

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

வாசல் சுவரில் இருக்கும் அந்தச் சிவப்புக் குறி நினைவுக்கு வந்தது. உள்ளே அப்பாவின் குறட்டை கேட்டது.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

நோட்டில் எழுதினேன். ‘4.16. ஓசை: இல்லை.’

4.30. இரண்டு தட்டு. சிமெண்டுப் பால் இறங்கத் தொடங்கியது. பல் டாக்டர் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், இருபது மீட்டர் தள்ளி. நான் துளை வாயில், மூட்டை எண்ணிக்கொண்டு.

4.50. பத்து மூட்டை. நான்கோடு நிறைய வேண்டும்.

5.20. இருபத்திரண்டு. பல் டாக்டர் ஓடி வந்தார்.

“தம்பி, இது குடிக்குது.”

மேடத்தை அழைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “சத்தம் எதுவும் இல்லைன்னு நல்லாத் தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“அப்ப பொந்துதான். நிரப்பிடு. பாதியில விட்டா அதுதான் ஆபத்து.”

5.45. முப்பத்தைந்து. மேகம் கறுத்தது. அம்மா வந்து சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

6.10. நாற்பத்தேழு.

துளைக்குள் கம்பியோடு ஒரு மெல்லிய குழாய் போகும். சிமெண்டு உள்ளே ஏற ஏற, உள்ளிருக்கும் காற்று அதன் வழியாக வெளியே வர வேண்டும். வருகிறதா என்று அதன் வாயில் விரல் வைத்துப் பார்ப்பது வழக்கம்.

6.22. விரல் வைத்தேன். காற்று வந்தது. மண்ணெண்ணெய் வாடை. வெதுவெதுப்பு.

நின்றது.

பிறகு… விரலை உள்ளே இழுத்தது.

கையை உதறிக்கொண்டேன். காற்று வெளியே மட்டும்தான் வரும். உள்ளே போக வழியே இல்லை. சிமெண்டு ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுபடி வைத்தேன்.

வெளியே. உள்ளே.

வெளியே. உள்ளே.

6.31. ஐம்பத்து நான்கு மூட்டை. கொஞ்சம் வேகமாக.

வெளியே உள்ளே வெளியே உள்ளே.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தம். பல் டாக்டர் திரும்பவில்லை.

தட்ட வேண்டும். ஒரு தட்டு. அவ்வளவுதான்.

ஸ்பேனரைத் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. சிவப்புக் குறி. அப்பா.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

6.44.

மூன்றாம் குழாயில், தண்ணீரோடு தண்ணீராக, யாரோ இருமினார்கள்.

ஒரு தடவை.

6.49.

குழாய் வாயில் விரல்.

வெளியே…

நீளமாக… வெளியே…

அவ்வளவுதான்.

6.52. துளை வாயில் சிமெண்டு பொங்கி வந்தது. அறுபத்தொரு மூட்டை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. உள்ளே உண்மையாகவே யாராவது இருந்தால் தட்டியிருக்க மாட்டாரா? கம்பியைப் போட்டு அடித்திருக்க மாட்டாரா? இதையே அன்று ராத்திரி எனக்கு நானே நாற்பது தடவை சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் குழாய் வற்றிவிட்டது. ஒரு சொட்டு இல்லை. ‘நீர் வற்றியது, நல்ல அறிகுறி’ என்று நோட்டில் எழுதினேன். இது பொய் இல்லை. முட்டாள்தனம். இரண்டும் வேறு.

எட்டாம் துளை, ஒன்பதாம் துளை. நான்கு நான்கு மூட்டை. சமர்த்தாகக் குடித்தன. சனிக்கிழமைக்குள் பன்னிரண்டும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை வந்தது. வீடு நின்றது. திங்கள், செவ்வாய், புதன். மழை விடவில்லை. வீடும் நின்றது.

“பார்த்தியா, அசையுதா பாரு” என்று அப்பா மலையைப் பார்த்துச் சவால் விட்டார்.

வியாழன் மதியம் 2.15. மீதி ஐந்து கண்ணாடிச் சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. டிக். டிக். டிக். டிக். டிக். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எண்ணினாள்.

3.40. மேடம் மழைக்கோட்டோடு வந்தார். நேராக மூன்றாம் குழாய்க்குப் போனார்.

“இது எப்ப நின்னுச்சு?”

“போன வெள்ளிக்கிழமை.”

“எனக்கு ஏன் சொல்லல? மொத்தத் தண்ணிக்கும் இதுதான் வழி. அந்தப் பொந்துலதான் சேர்ந்து இப்படி வந்திருக்கு. அதை அடைச்சிட்டோம். இப்ப மொத்தமும் உள்ள நிக்குது.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “அன்னிக்கு உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

நான் மழையைப் பார்த்தேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. “எல்லாரும் வெளிய வாங்க. இப்பவே.”

அம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டாள். அப்பா கடைசியாக வந்தார். வாசல் கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

4.10. அந்த நேரம் எனக்குத் தெரியும்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. நாற்பது விநாடி. கெட்டித் தையல், துணியோடு சேர்ந்து வந்தது. வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. அப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அது அந்தப் பையில்தான் இருக்கிறது. இரவல் வீட்டில், சட்டை மாற்றும்போதெல்லாம் ஒரு சட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்கிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மேடம் அவரிடம் எதையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

இனி, அப்புறம் தெரிந்தது.

பதினோராம் நாள் மண்ணை அள்ள இயந்திரம் வந்தது. அப்பாவின் அறை இருந்த இடத்தில் பீரோ அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பாளம் கிடந்தது. ஏழாம் துளையின் கம்பி அதில் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அறுபத்தொரு மூட்டை. இயந்திரத்தின் கை பட்டதும் பாளம் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே வெற்றிடம்.

ஆள் வடிவத்தில்.

அச்சு வார்த்த மாதிரி. சட்டை மடிப்பு பதிந்திருந்தது. காது பதிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. எலும்பு இல்லை. துணி இல்லை. பாளத்தில் ஊசி நுழைய இடுக்கில்லை. சிமெண்டு இறுகும்போது உள்ளே இருந்தது, இறுகிய பிறகு இல்லை.

மேடம் ஒரு பாதியைக் கிடத்தி, அதில் தண்ணீர் ஊற்றி அளந்தார். மறு பாதியையும் அளந்தார். அறுபத்தெட்டு லிட்டர். அறிக்கையில் எழுதினார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டார். சமீபத்தில் அந்தப் பக்கம் யாரும் காணாமல் போகவில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டோம்.

அந்த உருவம் தப்பிக்கப் பார்க்கவில்லை. கை கால் உதறவில்லை. சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பிப் பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. உள்ளே நீண்டிருந்த கம்பி முனையில் சின்னதாகப் பள்ளங்கள். கல்லால் தட்டினது போல. மூன்று. மூன்றே மூன்று.

பல் டாக்டர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா சுரங்க ஆளு” என்றார். “முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, தண்ணி வடிய இந்தச் சரிவுல ஒரு சின்னச் சுரங்கம் வெட்டினாங்க. எந்த இடம்னு எனக்குத் தெரியாது. பாதியில வாய் மூடிக்கிச்சு. ஒருத்தர் உள்ள. ரெண்டு நாள் தட்டினாராம். மூணு மூணா. வெளிய இருந்த யாரும் திருப்பித் தட்டல.”

“ஏன்?”

“எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. எடுக்க முடியாட்டி பதில் தட்டக் கூடாது தம்பி. அது பெரிய பாவம்.”

பிறகு, பாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“நீ தட்டினியா?”

“மூணுன்னா என்னண்ணே?” என்றேன்.

“நான் உள்ள இருக்கேன், ஊத்தாதீங்கன்னு அர்த்தம்.”

“திருப்பி மூணு தட்டினா?”

அவர் அந்தச் சம்மணம் போட்ட கால்களைப் பார்த்தார்.

“கேட்டுடுச்சு. நீ சும்மா தட்டிட்டு இருக்காதே. நிம்மதியா உட்காரு. நாங்க வர்றோம்.”